தரைக்குக் கேட்காத பூ

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் தனபால் ஹாலின் நடுவில் காலை அகட்டி நின்றுகொண்டு தரை உடைக்கிற மெஷினைத் தூக்கினான் அல்லவா? அந்த மெஷின் இன்னும் நின்றபாடில்லை.

காலையில் குடித்த காபித் தம்ளர் கழுவக்கூட இல்லை, அதற்குள் 'டர்ர்ர்' என்று ஆரம்பித்துவிட்டான். அடுப்படி அலமாரியில் எவர்சில்வர் டப்பாக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. சத்யபிரியா ஒரு கையில் தோசைத் திருப்பியும் இன்னொரு கையில் விழப்போன உப்பு டப்பாவுமாக நின்றாள். ஒவ்வொரு அதிர்வும் பாதம் வழியாக ஏறி அடிவயிற்றில் போய் நின்றது. சும்மா மனப்பிரமைதான் என்று அவளுக்கே தெரியும். தெரிந்தால் மட்டும் பயம் போய்விடுமா?

முந்தாநாள் காலையில் குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு பார்த்தாள். இரண்டு கோடு. அட்டையைப் பழைய துணியில் சுற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, ஒன்றும் நடக்காததுபோலச் சட்னி அரைத்தாள். புருஷன் தனபாலிடமும் சொல்லவில்லை, மாமியாரிடமும் சொல்லவில்லை.

சொல்ல என்ன தயக்கம் என்று கேட்பீர்கள். இது மூன்றாவது. முதலாவது யாருக்கும் சரியாகத் தெரியும் முன்பே போய்விட்டது. இரண்டாவது ஐந்தாம் மாசத்தில், வயிறு தெரிய ஆரம்பித்து, ஒரம்பரை, சொந்தபந்தம் எல்லாம் விசாரித்த பிறகு போனது. அதற்கப்புறம் ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒவ்வொரு கிடா வெட்டிலும் "ஏஞ் சாமி, ஏதாச்சும் விசேசமா?" என்று கேட்கிறவர்களுக்குச் சிரித்தே பதில் சொல்லி அவளுக்குத் தாடை வலித்துப்போனது. இந்தத் தடவை டாக்டர் 'நல்லா இருக்கு' என்று வாயால் சொல்கிற வரைக்கும் காற்றுக்குக்கூடச் சொல்லக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள்.

ஆனால் இந்த மெஷின் விடவேண்டுமே!

மாசமாக இருக்கிறவள் வீட்டில் கடப்பாரை போடக் கூடாது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, மண்ணைத் தோண்டக் கூடாது. சங்ககிரியில் தொடங்கித் திருச்செங்கோடு வரைக்கும் எந்த வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். சத்யா படித்தவள், இதையெல்லாம் நம்பாதவள். போன வருஷம்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், தரையை மாற்று மாற்று என்று இரண்டு வருஷமாக நச்சரித்தவளே அவள்தான். இளம்பிள்ளையிலிருந்து சேலை எடுத்துவந்து போனில் லைவ் போட்டு விற்கிறாள். ஹாலில் சேலையை விரித்துக் காட்டினால் வாங்குகிறவர்கள் சேலையைப் பார்க்காமல் தரையைப் பார்க்கிறார்கள். "அக்கா, உங்க ஊட்டுத் தரையில என்னங்க இவ்வளவு பெரிய வெடிப்பு?" என்று எவளோ ஒருத்தி எழுதிப் போட, அதற்குக் கீழே முப்பது பேர் சிரித்து வைத்தார்கள். மாமனார் காலத்துச் சிவப்புச் சிமெண்ட் தரை. உப்புப் பூத்து, பொரிந்து, விளக்குமாறு போடப் போடச் செதில் செதிலாக வந்தது. அன்றைக்குச் சோறு தின்னாமல் படுத்தவள் சத்யா.

தனபால் ரிக் வண்டிக்காரன். வருஷத்தில் முக்கால்வாசி நாள் சத்தீஸ்கர் பக்கம் போர்வெல் போட்டுக்கொண்டிருப்பான். அங்கே மழை பிடித்து வண்டி வயலுக்குள் இறங்காத மாதங்களில்தான் ஊர் திரும்புவான். வந்தவனுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. நாலு நாள் தூங்குவான், அஞ்சாம் நாள் எதையாவது கழற்றுவான். டைல்ஸ் ஒட்டுகிற கந்தப்பனைக் கூப்பிட்டதற்கு, "முகூர்த்தம் முடியட்டுமுங்க, இப்ப ஆள் இல்லீங்க" என்றான். தனபாலுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஆயிரம் அடி பாறையக் குடையறவன் நானு. இந்த ரெண்டு இஞ்சு தரைக்கு எனக்கு ஆள் வேணுமா? ஒடைச்சு அள்ளி வெச்சர்றேன், நீ வந்து ஒட்டுனாப் போதும் போ!"

இப்படித்தான் சங்ககிரியிலிருந்து வாடகைக்கு அந்த உடைக்கிற மெஷின் வந்தது. புழுதி பறக்கக் கூடாதே என்று ரிக்கில் செய்கிற மாதிரியே குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு உடைத்தான். வெட்டவெளியில் போர் போடும்போது அது சரி. நாலு சுவருக்குள் ஊற்றினால்? புழுதி அடங்கியது, ஹால் நடவு வயலாகிவிட்டது. சிவப்புச் சேறும் சுண்ணாம்பு ஜல்லியும் கலந்து அடுப்படி வாசல்வரை வந்து நின்றன.

"ஏனுங்க மாமா, இது தரையா, சேத்து வயலுங்களா?" என்று அடுப்படியிலிருந்து கத்தினாள்.

"நாத்து இருந்தாக் கொண்டா, நட்டர்லாம்!" என்று அவன் திருப்பிக் கத்தினான். அவன் குஷியாக இருந்தான். அதுதான் அவளுக்கு இன்னும் ஆற்றாமையாக இருந்தது.

தோசை கருகியது. அதைத் திருப்பிப் போட்டு, கருகினதைப் பார்த்துக்கொண்டே, தன்னைத் தானே சமாதானம் செய்தாள். அம்மன்தான் உத்தரவு கொடுத்துவிட்டாளே, அப்புறம் என்ன?

ஆமாம், அதைச் சொல்ல வேண்டும். இந்த வீட்டில் அத்தை சௌந்திரம் அம்மனைக் கேட்காமல் ஒரு மாட்டைக்கூட விற்கமாட்டாள். ஊர் எல்லையில் இருக்கிற மாரியம்மன் கோயிலுக்குப் போய்ப் பூ கேட்பாள். ஒரு காகிதத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு அரளி. இரண்டையும் ஒரே மாதிரி பொட்டலமாக மடித்து அம்மன் காலடியில் போட்டு, மனசுக்குள் கேள்வியைக் கேட்டு, ஒரு சின்னக் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் மூச்சு விடாமல் திரும்பி வந்துவிட வேண்டும். தரை வேலை ஆரம்பிக்கும் முன்னும் அத்தை கோயிலுக்குப் போனாள். நெற்றி நிறையத் திருநீறோடு திரும்பி வந்தவள் முகம் பூரித்துக் கிடந்தது. "வெள்ளை வந்திருச்சு! நல்ல வெள்ளை!" என்று வாசலிலேயே சொன்னாள். தரைக்கு இவ்வளவு சந்தோஷமா என்று சத்யாவுக்கு அன்றைக்கே கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருந்தது.

மெஷின் நின்றது.

"சத்யா! இங்க வா புள்ள, இந்தச் சட்டிய ஒரு கை புடி."

வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். பாதி ஹால் போயிருந்தது. முன்கதவுப் பக்கம் எல்லாம் குழியும் மேடும். பூஜை அலமாரிப் பக்கம் மட்டும் பழைய சிவப்புத் தரை அப்படியே இருந்தது. தனபால் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஜல்லி நிரப்பிய இரும்புச் சட்டியின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு நின்றான். இன்னொரு காது அவளுக்காகக் காத்திருந்தது.

"என்னால முடியாதுங்க."

"ஏன்?"

"இடுப்பு வலிக்குது."

"நேத்தும் இடுப்புன்னுதான் சொன்ன. ரெண்டு வருசமா தரைய மாத்து, தரைய மாத்துன்னு காதுல ஓதுனவ யாரு? இப்ப ஒரு சட்டி தூக்கறதுக்கு இடுப்பு, கழுத்துங்கற." துண்டை இறக்கினான். சிரிப்பு போயிருந்தது. "நான் வந்ததுலேர்ந்து பாக்கறேன், நீ ஒரு மாதிரியாத்தான் இருக்கற. பேசுனா எரிஞ்சு விழுகற. நான் ஊட்டுல இருக்கறதே உனக்குப் புடிக்கலையா?"

"அய்யோ, அப்படியெல்லாம் இல்லீங்க."

"அப்பறம் புடி."

சட்டியைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். சட்டிக் காதைப் பிடித்துத் தூக்கிவிட்டால் இந்தப் பேச்சு இதோடு முடிந்துவிடும். குனியக்கூடச் செய்தாள். கை இரும்பில் பட்டது. அதற்குமேல் கை வரவில்லை.

"மாமா. நாள் தள்ளிப் போயிருக்குது."

தனபாலுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் சட்டியை விட்டான். அது சேற்றில் சாய்ந்து ஜல்லி எல்லாம் கொட்டியது. அவன் அந்தக் குவியலின் மேலேயே உட்கார்ந்தான்.

"நெசமாவா?"

"முந்தாநாள் பாத்தேன். ரெண்டு கோடு."

அவன் சிரித்தான். கண்ணைத் துடைத்தான். துடைத்த கையில் இருந்த சிமெண்ட் கண்ணுக்குள் போய் இன்னும் தண்ணீராகக் கொட்டியது. "அட கெரகமே, அட கெரகமே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அப்புறம் அவன் பார்வை மெஷினுக்குப் போனது. உடைந்த தரைக்குப் போனது. சிரிப்பு அப்படியே வடிந்தது. எழுந்து போய், சுவிட்சை அணைத்தால் போதாதென்று, பிளக்கையே பிடுங்கினான். ஒவ்வொரு போருக்கும் தேங்காய் உடைத்துவிட்டு, 'சும்மா சாஸ்திரத்துக்கு' என்று நண்பர்களிடம் கேலி பேசுகிறவன்தான் இவன்.

"ஏம் புள்ள சொல்லல? முந்தாநாளே சொல்லியிருந்தா நான் இதை மறுபடி தொட்டிருப்பனா?"

"அதுக்குத்தான் சொல்லல. சொன்னா எல்லாரும் இப்படித்தான் மூஞ்சிய வெச்சுக்குவீங்க."

பால் சொசைட்டிக்குப் போயிருந்த சௌந்திரம் அப்போதுதான் காலி கேனோடு படியேறினாள். "என்றா, மெசினு சத்தத்தையே காணோம்? கரண்டு போயிருச்சா?" என்று கேட்டவள், இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கிழவி என்று சொல்லிவிட முடியாத வயசு. கண்ணும் காதும் கூர்மை. மகன் கண் சிவந்திருக்கிறது, மருமகள் கை இடுப்பில் இருக்கிறது.

"என்ன சாமி?" என்றாள், மருமகளிடம்தான்.

சத்யா தலையைக் குனிந்துகொண்டாள். தனபால்தான் சொன்னான்.

கேன் எங்கே விழுந்தது என்று சௌந்திரம் பார்க்கவில்லை. சேற்றையும் ஜல்லியையும் மிதித்துக்கொண்டு வந்து மருமகள் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள். "என்ற சாமி! என்ற கண்ணு! அவ வாக்கு பொய்க்கல, பொய்க்கல!" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். ஒரு நிமிஷம்தான். அப்புறம் அவளும் குனிந்து கீழே பார்த்தாள். தான் நிற்பது எங்கே என்று அப்போதுதான் உறைத்தது.

"ஈசுவரா. தரையப் பேத்துப்போட்டமே."

"அதனால என்னம்மா?" தனபால் தனக்கே தைரியம் சொல்லிக்கொள்கிற குரலில் சொன்னான். "நீதான் பூ கேட்டு, வெள்ளை வந்திருச்சுன்னு சொன்ன. அம்மனே சரின்னுட்டா. அதுக்கு மேல யாரு கேக்கப்போறா?"

சௌந்திரம் மூலையில் அடுக்கியிருந்த சிமெண்ட் மூட்டையில் மெல்ல உட்கார்ந்தாள். முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள். திரும்பவும் துடைத்தாள்.

"ஏம்மா, பேச மாட்டீங்கற?"

"நான் தரைக்குக் கேக்கலடா."

"என்னது?"

"தரைக்குத்தான் போனேன். பொட்டலத்தப் போட்டு, கண்ண மூடி நின்னேன். தரையின்னு வாயில வரல. இவளுக்கு ஒரு உசுரு வயித்துல நிக்குமா ஆத்தான்னு கேட்டுப்புட்டேன். வெள்ளை வந்துச்சு. வந்த சந்தோசத்துல தரைய அங்கயே மறந்துட்டேன். ஊட்டுக்கு வந்தா நீ கடப்பாரையோட நிக்கற, பூ என்னாச்சுன்னு கேக்கற. வெள்ளைன்னு சொன்னேன். வெள்ளைதான வந்துச்சு? பொய் சொல்லல. ஆனா தரைக்கு யாருமே கேக்கலடா."

உடைந்த இடத்தில் தேங்கிய தண்ணீர் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

சத்யாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இத்தனை நாளும் அத்தை தன்னைப் பற்றி மனசுக்குள் என்னவோ வைத்திருக்கிறாள், வாய்விட்டுத் திட்டாததே பெரிய திட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த அத்தை கோயிலில் போய்த் தரையை மறந்துவிட்டு இவளுக்காகக் கேட்டிருக்கிறாள். ஆனால் கால் கூசியது. யாரும் அனுமதி கேட்காத தரையில் அல்லவா நிற்கிறாள்!

"அப்ப நிறுத்தியர்லாம்" என்றான் தனபால். "இப்படியே கெடக்கட்டும். புள்ள பொறந்து, தீட்டுக் கழிச்சு, அப்பறம் பாத்துக்கலாம்."

"பாதியில விட்டா அது அதவிடத் தோசம்டா" என்றாள் சௌந்திரம். "பேத்த தரைய மூடாம, ஒரு பொம்பள முழுகாம இருக்கற ஊட்டுல எப்படி வெக்கறது?"

"அப்ப ஒடைச்சே முடிச்சர்றதா?"

"ஒடைக்கவும் கூடாது."

"கொட்டிக் கெடக்கற ஜல்லிய அள்றதாவது ஆகுமா? அள்றது ஒடைக்கறதுல சேருமா, சேராதா?"

"எனக்கென்னடா தெரியும்?"

மகனும் தாயும் மாறி மாறிப் பேசிக்கொண்டே போனார்கள். சிமெண்ட் மூட்டையைத் தொடலாமா, மாட்டுச் சாணி போட்டு மெழுகலாமா என்றெல்லாம் பேச்சு வந்தது. அவர்களுக்கு நடுவில் நின்ற சத்யாவை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவளுக்குள் எதுவோ பிய்த்துக்கொண்டது.

"போதுமுங்க!"

இருவரும் திரும்பினார்கள்.

"போன தடவை இந்த ஊட்டுல ஒரு ஆணி அடிச்சமுங்களா அத்தை? காலண்டரு மாட்ட ஆணி வேண்டாமுன்னு சன்னல் கம்பியில நூலக் கட்டித் தொங்க விட்டீங்க. பூசணிக்காய நான் வெட்டக் கூடாதுன்னு பக்கத்தூட்டுல குடுத்து வெட்டி வாங்குனீங்க. கிரகணத்தன்னிக்கு நான் ரூம விட்டு வெளிய வரல, தண்ணி குடிக்கல. ஒண்ணு விடாமப் பண்ணுனமுங்க. அப்பறம் என்னாச்சு? நின்னுச்சுங்களா?"

சௌந்திரம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"இவரு காட்டுல ரிக் ஓட்டிட்டு இருந்தாரு. டவர் கெடைக்கல. ஆஸ்பத்திரிக் கட்டில்ல நானும் நீங்களுந்தான் இருந்தோம். தப்பு எங்கங்கன்னு தேடித் தேடிப் பாத்தேன். கெடைக்கவே இல்லீங்க. தப்புப் பண்ணியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்."

தனபால் தலை நிமிரவில்லை. "இந்தத் தடவை நான் போகல புள்ள" என்றான். "வண்டிய நம்ம டிரைவரு மோகன்குமாரு ஓட்டிட்டுப் போகட்டும்."

அவன் சொன்னதை நம்ப அவளுக்கு ஆசையாக இருந்தது, நம்பவும் பயமாக இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிப் படியில் உட்கார்ந்தாள்.

மத்தியானம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. தனபால் ஜல்லியை அள்ளப்போவான், நாலு சட்டி கொட்டுவான், அப்புறம் நின்று யோசிப்பான். வாசலுக்கும் ஹாலுக்கும் நடந்தே தேய்ந்தான். மெஷினைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று வண்டியில் ஏற்றினான், உடனே இறக்கினான். சௌந்திரம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு பண்ணலாம் சாமி. தரைக்கு இனிமேக் கேட்டா என்ன? போயிக் கேட்டர்லாம். வெள்ளை வந்துச்சுன்னா தைரியமா முடிச்சர்லாம்."

"சிவப்பு வந்துச்சுன்னா?"

சௌந்திரம் முந்தானை நுனியை முறுக்கினாள்.

"சிவப்பு வந்துச்சுன்னா என்ன பண்ணுவீங்க அத்தை? ஒடைச்ச தரைய ஒட்ட வெப்பீங்களா? இல்ல பத்து மாசமும் நான் அந்தச் சிவப்ப நெனைச்சுட்டே கெடக்கறதா? ராத்திரி ஒரு சின்ன வலி வந்தாக்கூட அதுதான் கண்ணுல நிக்கும்." அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இப்படிப் பிடித்ததில்லை. "வேண்டாமுங்க. நீங்க எனக்குக் கேட்டீங்க, அவ குடுத்துட்டா. அது போதுமுங்க. மறுபடியும் போயி அவ வாயப் புடுங்க வேண்டாம்."

சௌந்திரம் தலையை ஆட்டினாள். ஆமாம் என்று ஆட்டினாளா, கேட்டுக்கொண்டேன் என்று மட்டும் ஆட்டினாளா என்று சத்யாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பொழுது சாயும்போது சத்யா கொஞ்சம் கண் அசந்தாள். எழுந்தபோது வீடு அமைதியாக இருந்தது. தனபால் வெளியே தொட்டியில் கால் கழுவிக்கொண்டிருந்தான். பால் கறக்கிற நேரம். மாடு கத்திக்கொண்டிருந்தது. அத்தை இந்நேரத்தில் மாட்டைக் கத்தவிட்டதே இல்லை.

"அத்தை எங்கீங்க?"

"இங்கதான இருந்தாங்க. கண்ணாத்தா ஊட்டுப் பக்கம் போனாங்கன்னு நெனைக்கறேன்."

கண்ணாத்தாள் வீட்டில் அஞ்சு வயசுப் பேத்தி இருக்கிறாள். இந்தத் தெருவில் பொட்டலம் எடுக்கிற வயசில் இருக்கிற ஒரே குழந்தை. சத்யா போனைத் தேடி எடுத்து அழுத்தினாள். நாலைந்து தடவை அடித்த பிறகுதான் அத்தை எடுத்தாள்.

"அத்தை, எங்கங்க இருக்கறீங்க?"

"கோயல்ல சாமி." பின்னால் மணிச்சத்தம் கேட்டது.

"கேட்டுட்டீங்களா?"

"மனசு கேக்கல சாமி. வேண்டாமுன்னுதான் இருந்தேன். மாட்ட அவுக்கப் போனவ, அப்படியே நடந்து இங்க வந்துட்டேன்." மூச்சு வாங்கினாள். "புள்ள எடுத்துக் குடுத்திருச்சு. கையில வெச்சிருக்கறேன். பிரிக்கறதுக்கு வெரலு வர மாட்டேங்குது."

சத்யா உடைந்த தரையையும் உடையாத தரையையும் பார்த்தாள். எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் அடுப்படிப் படியிலேயே நின்றாள்.

"பிரிக்காதீங்க அத்தை."

"பூசாரி நிக்கறாரு சாமி. என்ன பூவுன்னு கேக்கறாரு."

"நிக்கட்டுமுங்க. பிரிக்காம அப்படியே ஊட்டுக்குக் கொண்டாங்க. உங்களக் கையெடுத்துக் கும்புடறேன். எனக்கு இருக்கற வெள்ளை போதுமுங்க."

அந்தப் பக்கத்திலிருந்து 'சரி சாமி' என்றும் வரவில்லை, 'மாட்டேன்' என்றும் வரவில்லை. காகிதம் சரசரக்கிற சத்தம் மட்டும் கேட்டது.